டர்போ பிடிக்கும் வரை

எங்கள் தெருவில் நிற்கும் கார்களில் மூன்றின் பின்பக்கம் 'டர்போ' என்று எழுதியிருக்கிறது. அதில் ஒன்று, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பருடையது. போன மாதம் பால் வாங்கப் போன இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க டீசல் ஷெட்டுல இருந்தவராச்சே. இந்த வண்டி ஆக்ஸிலேட்டரை அமுக்கினா உடனே போக மாட்டேங்குது. ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு அப்புறம் திடீர்னு பாயுது. ரிப்பேரா?" என்றார்.

ஒரு நிமிஷம் இல்லை, ஒரு விநாடி, மிஞ்சினால் ஒன்றரை விநாடி. ரிப்பேரும் இல்லை. அது டர்போவின் பிறவிக் குணம். கார்க்காரர்கள் அதை 'டர்போ லேக்' என்கிறார்கள். எங்கள் ஷெட்டில் அப்படி யாரும் சொன்னதில்லை. "டர்போ இன்னும் பிடிக்கலை" என்போம். அவ்வளவுதான்.

இந்த ஒன்றரை விநாடியைப் போக்க உலகத்தில் எத்தனையோ பேர் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் பீய்ச்சியிருக்கிறார்கள். புகைக்குழாய்க்குள் நெருப்பு வைத்திருக்கிறார்கள். பஸ் பிரேக்குக்கு வைப்பது போலக் காற்றுத் தொட்டி வைத்திருக்கிறார்கள். 34 வருஷம் டர்போவோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் இந்தக் கதைகளில் எனக்கு ஒரு தனி ருசி. அவற்றைச் சொல்லிவிட்டு, கார் ஓட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

டர்போ என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். எஞ்சினுக்குள் எரிபொருளை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிட முடியும். அதை எரிக்கக் காற்று வேண்டும், கஷ்டம் அங்கேதான். கொல்லன் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துருத்தி ஊதாத உலையில் இரும்பு பழுக்காது. எஞ்சினுக்கும் ஒரு துருத்தி வைத்துக் காற்றை அழுத்தித் திணித்தால், அதே அளவு எஞ்சினில் அதிக எரிபொருளை எரிக்கலாம், அதிக சக்தி எடுக்கலாம்.

துருத்தியை யார் மிதிப்பது? எஞ்சினே பெல்ட் அல்லது பல்சக்கரம் வழியாக மிதித்தால் அதற்கு சூப்பர்சார்ஜர் என்று பெயர். அப்படி மிதிக்க எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும். வெளியே வீணாகப் போகும் சூடான புகையை ஒரு சிறு சக்கரத்தின் மேல் பாயவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தைக் கொண்டு காற்றை அழுத்தினால் அது டர்போ. ஆல்ஃப்ரெட் பூஹி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வீணாகப் போவதைப் பிடித்து வேலை வாங்கும் அருமையான யோசனை.

ஆனால் இதில் ஒரு சிக்கல். உலை எரிந்தால்தான் துருத்தி ஊதும். துருத்தி ஊதினால்தான் உலை எரியும். மெதுவாக ஓடும் எஞ்சினில் புகை குறைவு, அதனால் சக்கரம் சோம்பலாகச் சுழலும். நாம் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் எரிபொருள் உடனே கூடிவிடும். புகை கொஞ்சம் கூடி, சக்கரம் வேகம் பிடித்து, காற்று வந்து, அதனால் இன்னும் புகை கூடி, இப்படிச் சுற்றி வருவதற்குள் ஒன்றரை விநாடி போய்விடுகிறது. காற்று வருவதற்கு முன்னால் காற்று வேண்டும் என்பதுதான் இந்தப் பிரச்சினையின் மொத்தமும்.

ரயில் பார்த்த எல்லோரும் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். 1964 முதல் வாரணாசியில் தயாரான டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின்கள், அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைப்பு. 16 சிலிண்டர், 2,600 குதிரைச் சக்தி. ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது கூரையின் மேல் குப்பென்று கரும்புகை கிளப்புமே, அது நினைவிருக்கிறதா? ஃபோட்டோ பிடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம், பிளாட்பாரத்தில் வெள்ளை வேட்டியோடு நிற்பவர்களுக்குத் திண்டாட்டம். அந்தப் புகை வேறொன்றுமில்லை, டர்போவின் தாமதம்தான். டிரைவர் நாட்ச் ஏற்றியதும் எரிபொருள் போய்விட்டது, காற்று இன்னும் வரவில்லை. எரியாத கார்பன் கறுப்பாக வெளியே வருகிறது. டர்போ பிடித்ததும் புகை மெல்ல வெளுத்துவிடும்.

நல்ல டிரைவர் அவசரப்பட மாட்டார். மொத்தம் எட்டு நாட்ச். ஒன்றை வைத்துவிட்டு, டர்போவின் ஊளைச் சத்தம் ஏறுகிறதா என்று காதை வைத்துக் கேட்டு, அப்புறம்தான் அடுத்ததை வைப்பார். ஷெட்டுக்குள் நாங்களும் காதை நம்பித்தான் இருந்தோம். எஞ்சினை நிறுத்தியபின் டர்போ தானாக எவ்வளவு நேரம் சுழன்று நிற்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். சீக்கிரம் நின்றுவிட்டால் உள்ளே பேரிங் உரசுகிறது என்று அர்த்தம்.

1999-ல் அமெரிக்காவிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்கள் வந்தன. 4,000 குதிரைச் சக்தி, டபிள்யூ.டி.ஜி.4 என்று பெயர். அதைத் திறந்து பார்த்தபோதுதான் தாமதத்துக்கு ஒரு விசித்திரமான வைத்தியம் இருப்பது எங்களில் பலருக்குத் தெரிந்தது. அந்த டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே பல்சக்கரங்கள், கூடவே ஒரு கிளட்ச். கிளட்ச் என்றால் நம் சைக்கிளின் பின்சக்கரத்து ஃப்ரீவீல் மாதிரி. மெதுவாக ஓடும்போது எஞ்சினே பல்சக்கரம் வழியாக டர்போவைச் சுழற்றும். மேல் நாட்சுகளில் புகை பெருகி, டர்போ தன் சொந்த வேகத்தில் முந்திக்கொண்டதும், இறக்கத்தில் பெடலை மிதிக்காமல் சைக்கிள் ஓடுகிற மாதிரி ஃப்ரீவீல் விடுபட்டுவிடும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் அதற்கு ஸ்டார்ட் ஆவதற்கே ஊதும் காற்று வேண்டும், அதனால் வந்த ஏற்பாடு இது. தாமதம் குறைந்தது கூடுதல் லாபம். விலை? எஞ்சினிடமிருந்து கொஞ்சம் சக்தி, பராமரிக்க ஒரு நுணுக்கமான கிளட்ச்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கார்களுக்கு வரலாம்.

அமெரிக்காவில் 1962-ல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்று ஒரு கார் வந்தது. டர்போ வைத்து விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. அதில் ஒரு சங்கடம். பெட்ரோல் எஞ்சினில் காற்றை அதிகம் அழுத்தினால் சூடு ஏறி, பிளக் வைத்த தீ பரவி வருவதற்கு முன்பே அங்கங்கே தானாக வெடித்து 'நாக்கிங்' ஆகும், பிஸ்டன் ஓட்டையாகும். அதற்குப் பயந்து மற்றவர்கள் எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள். ஆனால் அப்படிக் குறைத்தால் டர்போ பிடிக்கும் வரை எஞ்சின் சவலைப் பிள்ளையாக இருக்கும், தாமதம் இன்னும் பெரிதாகத் தெரியும். ஜெட்ஃபயர்காரர்கள் விகிதத்தை 10.25 என்று உயரமாகவே வைத்துக்கொண்டு, சூட்டைத் தணிக்க மெத்தனாலும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் பீய்ச்சினார்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. இரண்டாம் உலகப் போர் விமானங்களில் பழகிய வித்தைதான்.

வித்தை வேலை செய்தது, மனிதர்கள்தான் ஒத்துழைக்கவில்லை. பெட்ரோல் போடுவதோடு அந்தத் திரவத்தையும் பார்த்து ஊற்ற வேண்டும். பலர் ஊற்றவில்லை. தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தத்தை அடக்கிவிடும்படி வால்வு வைத்திருந்தார்கள், அதனால் வண்டி இழுக்கவில்லை என்ற புகார் வந்தது. கடைசியில் பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டினார்கள். 1963-க்குப் பிறகு அந்தக் கார் இல்லை. பெரிய எஞ்சினியரிங் வேலைகள் தினசரி பராமரிப்பில்தான் விழுகின்றன. இதை எந்த ஷெட்காரனும் ஒப்புக்கொள்வான்.

1973-ல் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ 2002 டர்போ வந்தது. 2 லிட்டர், 170 குதிரைச் சக்தி. இவர்கள் தண்ணீர் வித்தைக்குப் போகாமல் விகிதத்தை 6.9-க்கு இறக்கினார்கள். அதனால் கீழ் வேகத்தில் ஒன்றுமே நடக்காது, பிறகு முதுகில் உதைத்தது போலப் பாயும். முன்பக்கத்தில் 'டர்போ' என்ற எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரிகிற மாதிரி எழுதி வைத்திருந்தார்கள். முன்னால் போகிறவர் கண்ணாடியில் படித்துவிட்டு ஒதுங்க வேண்டுமாம்! ஜெர்மனியில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. பெட்ரோல் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, மொத்தம் 1,672 கார்களோடு கதை முடிந்தது.

நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு டர்போவைப் பழக்கியவர்கள் ஸ்வீடனின் சாப் கம்பெனிக்காரர்கள். பெர் கில்பிராண்ட் என்ற எஞ்சினியர் அங்கே முன்னின்றார். 1977-ல் காட்டி, 1978-ல் விற்ற சாப் 99 டர்போவில் அவர்கள் செய்தது எளிமையான காரியம். பெரிய டர்போ வைத்து உச்ச சக்தியைத் துரத்தாமல், சிறிய டர்போவை வைத்தார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கிளப்புவதைவிட சைக்கிள் சக்கரத்தைக் கிளப்புவது எளிது அல்லவா? சிறியது சீக்கிரம் பிடிக்கும். மேல் வேகத்தில் அது அளவுக்கு மீறி ஊதாமல் இருக்க, உபரிப் புகையைத் திருப்பிவிடும் 'வேஸ்ட்கேட்' என்ற கதவை வைத்தார்கள். இன்று நம் தெருவில் ஓடும் 1 லிட்டர் டர்போ கார்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

அதே 1977-ல் பிரான்சின் ரெனோ, ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு முதன்முதலாக டர்போ காரைக் கொண்டுவந்தது. அடிக்கடி புகை கக்கி நின்றதால் 'மஞ்சள் டீக் கெட்டில்' என்று கேலி செய்தார்கள். 1979-ல் ஒரு பெரிய டர்போவுக்குப் பதிலாக இரண்டு சிறிய டர்போக்களை வைத்தார்கள். அந்த வருஷமே பிரெஞ்சுப் பந்தயத்தில் ஜாபூய் ஜெயித்தார். கேலி நின்றது.

ராலிப் பந்தயக்காரர்கள் செய்ததுதான் மகா விபரீதம். வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டர்போ ஓய்ந்துவிடுகிறது, வளைவு முடிந்து மிதிக்கும்போது தாமதம். அதற்காக, கால் எடுத்த பிறகும் கொஞ்சம் பெட்ரோலும் காற்றும் போக விட்டு, பொறியை வேண்டுமென்றே தாமதமாக வைத்தார்கள். எரிய வேண்டியது சிலிண்டரில் எரியாமல் புகைக்குழாயில் போய் வெடிக்கும். டமார் டமார் என்று சத்தம், பின்னால் தீப்பிழம்பு. அந்த வெடிப்பு டர்போவைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். தாமதம் போனது உண்மை. டர்பைனும் வால்வுகளும் வெந்துபோவதும் உண்மை. வாராவாரம் எஞ்சினைப் பிரித்துப் போட ஆளும் பணமும் உள்ளவர்களுக்கு அது சரி.

இத்தாலியின் லான்சியா இன்னொரு வழி கண்டது. 1985-ல் வந்த டெல்டா எஸ்4 காரில் சூப்பர்சார்ஜரும் டர்போவும் இரண்டுமே உண்டு. கீழ் வேகத்தில் எஞ்சின் சுழற்றும் சூப்பர்சார்ஜர் ஊதும், மேல் வேகத்தில் டர்போ ஏற்றுக்கொள்ளும். நான் மேலே சொன்ன ரயில் எஞ்சினின் ஃப்ரீவீல் கதைக்கு இது அண்ணன் தம்பி. முதல் பந்தயத்திலேயே ஹென்ரி டொய்வோனன் அதில் ஜெயித்தார். அடுத்த வருஷம் மே மாதம், கோர்சிகாத் தீவுப் பந்தயத்தில் அதே மாடல் காரில் அவரும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் பள்ளத்தில் விழுந்து தீயில் இறந்தார்கள். அந்த வகைக் கார்களையே உலகப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். விபத்துக்குக் காரணம் டர்போ என்று நான் சொல்லவில்லை. சக்தியை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிவிடலாம், சாலையும் மனிதனும் அதே அளவுதான் என்பதற்காகச் சொல்கிறேன். அதே இரட்டை ஏற்பாட்டை 2005-ல் ஃபோக்ஸ்வாகன் 1.4 லிட்டர் குடும்பக் காரிலேயே அடக்கமாகச் செய்து காட்டியது.

செலவே இல்லாத வைத்தியமும் ஒன்று உண்டு. ஸ்வீடனின் ஸ்டிக் ப்ளோம்க்விஸ்ட் போன்ற ராலி ஓட்டுநர்கள் வளைவில் வலது காலை ஆக்ஸிலேட்டரிலேயே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக் பிடிப்பார்கள். எஞ்சின் வேலை செய்துகொண்டே இருப்பதால் டர்போ ஓயாது. நம் சாலையில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். கிளட்ச் மிதித்துப் பழகிய இடது கால் பிரேக்கை மிதித்தால் எல்லோரும் கண்ணாடியில் போய் முட்டுவோம்.

பிறகு வந்தது சாதுவான காலம். டீசல் கார்களில் டர்பைனைச் சுற்றி அசையும் இதழ்கள் வைத்தார்கள். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அதே போலப் புகை குறைவாக இருக்கும்போது இதழ்கள் நெருங்கி அதன் வேகத்தைக் கூட்டும். வால்வோ கம்பெனி 2016 வாக்கில் தன் டீசல் கார்களில் 2 லிட்டர் காற்றுத் தொட்டி ஒன்றை வைத்தது. சிறு மின் கம்ப்ரஸர் அதை நிரப்பி வைத்திருக்கும். மிதித்த கணத்தில் அந்தக் காற்று டர்பைனின் முன்னால் பாய்ந்து அதைச் சுழற்றிவிடும். பஸ்ஸின் ஏர் பிரேக் தொட்டியைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்நியமாகத் தோன்றாது. அதே வருஷம் ஆடி தன் எஸ்.க்யூ.7 காரில் 48 வோல்ட் மின்சாரத்தில் சுழலும் 7 கிலோவாட் கம்ப்ரஸரை வைத்தது. கால் விநாடியில் வேகம் பிடித்து, டர்போ வரும் வரை ஊதும். ஃபார்முலா ஒன்னில் 2014 முதல் 2025 வரை டர்போவின் தண்டிலேயே மின் மோட்டார் இருந்தது. 2022-ல் மெர்சிடிஸின் ஏ.எம்.ஜி. அதைச் சாலைக் காருக்கும் கொண்டுவந்தது.

இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். முதல் ஒரு விநாடிக்குக் காற்று இல்லை, அதை எங்கிருந்தாவது கடன் வாங்க வேண்டும். ரயில் எஞ்சின் பல்சக்கரத்திடம் வாங்குகிறது. வால்வோ தொட்டியிடம், ஆடி பேட்டரியிடம், ராலிக்காரன் தன் எஞ்சினின் ஆயுளிடம். வட்டி இல்லாத கடன் எதுவும் இல்லை.

இப்போது என் தம்பி மகன் கதை. கரூரில் வேலை. 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. ஒரு கல்யாணத்துக்காக என்னைத் திருச்சியிலிருந்து அழைத்துப் போனான். கரூர் சாலை தெரியும் அல்லவா, ஒரு பக்கம் காவிரி, நிறைய வளைவு, எதிரும் புதிருமாக வண்டிகள். குளித்தலைக்கு முன்னால் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று. இவன் ஐந்தாவது கியரில், 55 கி.மீ. வேகத்தில், முள் 1,500 சுற்றில் இருக்க, இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் இறங்கி மிதித்தான். வண்டி போகவில்லை. லாரியின் பாதி வரை வந்தபோதுதான் டர்போ பிடித்தது. அதற்குள் எதிரே பஸ். ஹெட்லைட் போட்டுக்கொண்டு வருகிறது. இவன் பிரேக் பிடித்துத் திரும்ப லாரிக்குப் பின்னால் ஒதுங்கினான். பஸ் எங்களைக் கடந்தபோது கார் ஆடியது. பின்சீட்டில் அவன் மனைவியும் கைக்குழந்தையும்.

யாரும் பேசவில்லை. குளித்தலையில் டீ குடிக்கும்போது அவனே ஆரம்பித்தான். "பெரியப்பா, இந்த லேக் போறதுக்கு ஆன்லைன்ல ஒரு எலெக்ட்ரிக் டர்போ விக்கிறாங்க. ஏர் பைப்ல மாட்டிக்கலாமாம். இல்லேன்னா பெடல் பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு. ரீமேப் பண்ணிக்கவும் ஃப்ரெண்ட் சொல்றான். எது நல்லது?"

"ஒரு கணக்குப் போடுடா" என்றேன். 1 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு லிட்டர் காற்று குடிக்கிறது. 3,000 சுற்றில் நிமிஷத்துக்கு 1,500 லிட்டர். அதை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்குத் திணிக்க 2 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். வீட்டு மிக்ஸி 750 வாட். அதாவது மூன்று மிக்ஸி ஒரே சமயத்தில் ஓட வேண்டும். ஆடிக்காரன் தனியாக 48 வோல்ட் வைத்தது சும்மா இல்லை. மெல்லிய ஒயரோடு வரும் கையடக்க விசிறி, காற்றுக்கு வழிமறித்து நிற்கத்தான் லாயக்கு.

பெடல் பாக்ஸ் சக்தியைக் கூட்டுவதில்லை. பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாக எஞ்சினுக்குச் சொல்லும், அவ்வளவுதான். முழுக்க மிதித்தபின் அதற்கு வேலை இல்லை. ரீமேப் என்பது கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி டர்போவை அதிகம் ஊத வைப்பது. சக்தி கூடுவது நிஜம். ஆனால் அது டர்போ பிடித்த பிறகு. 1,500 சுற்றில் இல்லாத புகையை எந்தக் கணக்கும் கொண்டுவராது. கியர்பாக்ஸும் கிளட்சும் பழைய சக்திக்கு அளந்து செய்தவை, வாரண்டியும் போகும். புகைக்குழாயிலிருந்து கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றினால் டர்போ கொஞ்சம் சீக்கிரம் பிடிக்கத்தான் செய்யும். பின்னால் வருகிறவன் மூக்குக்குத்தான் வட்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது.

"அப்போ ஒண்ணுமே பண்ண முடியாதா?" என்றான். முகம் வாடிவிட்டது.

கல்யாணம் முடிந்த மறுநாள் இருவரும் பானெட்டைத் திறந்தோம். காற்று வடிகட்டியைக் கழற்றினால் தூசி அப்பிப்போய் இருந்தது. சிமென்ட் லாரிகளின் பின்னால் தினமும் ஓடும் வண்டி. புதியது வாங்கிப் போட்டோம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் குழாய்களை டார்ச் அடித்துப் பார்த்தோம். விரிசலோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் டர்போ ஊதும் காற்று வெளியே போய்விடும், லேக் அதிகமானதாகத் தோன்றும். இவன் வண்டியில் அவை நன்றாகவே இருந்தன.

அதன்பின் காலியான சாலையில் அவனை ஓட்டச் சொன்னேன். அதே 55 கி.மீ. வேகம். முதலில் ஐந்தாவது கியரில் மிதித்து, வண்டி இழுக்கும் வரை வாய்விட்டு எண்ணச் சொன்னேன். அப்புறம் மூன்றாவது கியருக்கு இறக்கி மிதிக்கச் சொன்னேன். முள் 2,500-க்கு ஏறியிருந்தது. அந்தச் சுற்றில் புகை போதிய அளவு இருக்கிறது, டர்போ ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கிறது. எண்ணுவதற்கு இடமே இல்லாமல் வண்டி கிளம்பியது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா பெரியப்பா?" என்றான். இவ்வளவுதான். காற்றைக் கியரிடம் கடன் வாங்கியிருக்கிறோம். வட்டி கொஞ்சம் பெட்ரோல்.

அவனுக்கு இன்னொரு கணக்கும் சொன்னேன். நாம் 60 கி.மீ. வேகத்தில் போகிறோம், எதிரே பஸ்ஸும் 60-ல் வருகிறது. இருவருக்கும் நடுவே இருக்கும் தூரம் ஒரு விநாடிக்கு 33 மீட்டர் குறைகிறது. டர்போ பிடிக்கக் காத்திருக்கும் ஒன்றரை விநாடியில் 50 மீட்டர் போய்விட்டது. ரயிலின் இரண்டு பெட்டி நீளம். அதைக் கேட்டு அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

டர்போ கார் வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு மூன்று நான்கு விஷயம் சொல்லி முடிக்கிறேன். முந்துவதற்கு வலது பக்கம் இறங்கும் முன்பே, லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே கியரை இறக்கிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியானால் 'எஸ்' அல்லது மேனுவல் நிலைக்கு முன்கூட்டியே மாற்றுங்கள். கம்பெனி சொன்ன தர எண்ணெயை, சொன்ன காலத்தில் மாற்றுங்கள். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் விரட்டாதீர்கள், நெடுந்தூரம் வேகமாக வந்தால் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். தூசிச் சாலையில் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டியைச் சர்வீஸ் தேதிக்காகக் காத்திராமல் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. மிதித்தும் வண்டி போகவில்லை என்றால், இன்னும் அழுத்தி மிதித்துப் பந்தயம் கட்டாதீர்கள். லாரிக்குப் பின்னாலேயே இருங்கள். வாழைத்தார் வாசனையோடு இன்னும் இரண்டு கிலோமீட்டர் போனால் கல்யாண விருந்து ஆறிவிடாது.